கீழ்க்கயிறு

எரியுது. எரியட்டும். தொடையில எண்ணெயை ஊத்தி முழங்கையால அழுத்தித் தேய்க்குது எனக்குச் சண்டை சொல்லிக்குடுக்கற நொக் அக்கா, பரோட்டா கடைக்காரன்கூட மாவு மேல இவ்ளோ கோவத்தைக் காட்டமாட்டான். கண்ணுல தண்ணி நிக்குது. அழுவல, தைலக் காரம். மூணு மாசமா என் தலகாணி, துண்டு, துன்ற சோறு எல்லாத்துலயும் இந்தத் தைல நாத்தம்தான். மெதுவாக்கான்னு சொன்னா இன்னும் அழுத்துது. அதுக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை தெரியும், எனக்கு அதுக்கு மேல நாலு, அதை வெச்சுத்தான் எங்க ரெண்டு பேர் குடும்பம் ஓடுது. இந்த ஊர்ல மூத்தவங்களை 'பீ'ன்னு மரியாதையா கூப்பிடணுமாம். செத்தாலும் மாட்டேன். அக்கான்னுதான் கூப்பிடறேன், அதுக்கும் திரும்பிப் பாக்குது, போதும். கோயில் திருவிழா. தாய்லாந்துல ஏதோ ஒரு ஊரு, பேரு வாயில நுழையல, நுழைய வேணாம். அந்தப் பக்கம் பலூன் சுடறானுங்க, இந்தப் பக்கம் கோழி பொரிக்கிறானுங்க, நடுவுல மேடை கட்டி நாலு பக்கமும் கயிறு இழுத்து சண்டை நடக்குது. மேடைக்குப் பின்னாடி, ஜெனரேட்டர் பக்கத்துல பாயைப் போட்டு என்னைக் கவுத்துப் போட்டிருக்கு. போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறான். இன்னாடா பாக்கற, கறுப்பா ஒருத்தி படுத்திருந்தா உனக்கு இன்னா. வெயில் இன்னும் முழுசா இறங்கல, அதுக்குள்ள லைட்டைப் போட்டுட்டானுங்க. மூணாவது சண்டை ஓடுது, என்னுது அஞ்சாவது. வர்ற புதன்கிழமை விசா முடியுது. இன்னிக்கு மேடை ஏறினா ஏறினேன், இல்லன்னா முவாய் தாய், இவங்க ஊரு குத்துச்சண்டை, கத்துக்கறேன்னு இருந்த ஜிம்மு வேலையை உட்டுட்டு வந்தவ ஒரு சண்டைகூட போடாம ஊருக்குத் திரும்பணும். எங்கண்ணன் கஜா ஏர்போர்ட்டுலயே ஆரம்பிச்சுடுவான். அடி வாங்கறதுக்கு ஏன் ஃப்ளைட்டு ஏறிப் போற, வூட்டுலயே வாங்கிக்கலாமேன்னு வழியனுப்பும்போதே சொன்னவன். அவன் மூஞ்சிக்காவாச்சும் ஏறணும்.

ஏறணும்னு வாயால சொல்றேன், ஆனா ஏறுறது எங்க ஏறுறது. அதுதான் எரிச்சல், தைலம் எல்லாம் சும்மா. ஆம்பளைங்க வந்தா தலையில சாமி வளையத்தை வெச்சுக்கிட்டு மேல்கயிறைத் தாண்டி உள்ள குதிப்பானுங்க. பொம்பளைங்க கீழ்க்கயிறுக்கு அடியில குனிஞ்சு, படுத்து, ஊர்ந்து போவணும். வேலிக்கு அடியில நாய் பூந்து போற மாதிரி. பொம்பளை மேல தாண்டினா மேடைக்கு அடியில வெச்ச மந்திரத் தகட்டுக்கு சக்தி போயிடுமாம், அப்புறம் ஏறுற ஆம்பளைக்கு அடி படுமாம். எவன் சொன்னான்? எல்லாரும்தான் சொல்றான். சண்டை பழகற கேம்புக்கு வந்த மொத நாளு எனக்கு இதெல்லாம் தெரியாது. வியாசர்பாடி கிரவுண்டு பாக்ஸிங் ரிங்குல எப்படி ஏறுவனோ அப்படி ஏறினேன், ஒரு கையை வெச்சேன், தாண்டினேன், உள்ள நின்னேன். பின்னாடி பை குத்தற சத்தம், கயிறு ஆடற சத்தம் எல்லாம் அப்படியே நின்னுபோச்சு. யாரும் திட்டல. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், நான் தமிழ்ல திட்டினா எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும். கேம்பு ஓனரு, எல்லாருக்கும் வாத்தியாரு, க்ரூ வித்னு பேரு, அமைதியா வந்து என் கையைப் புடிச்சு எறக்கிவிட்டுட்டு ஒரு சொம்புல தண்ணி எடுத்துனு வந்து மந்திரம் சொல்லிச் சொல்லிக் கயிறு மேல தெளிச்சாரு. நான் தொட்ட எடத்துல ரெண்டு தடவை தெளிச்சாரு. தோன்னு ஒருத்தன், கேம்புலயே நல்லா சண்டை போடறவன், கல்யாணம் ஆயி கைக்குழந்தை வேற இருக்கு, என்னைப் பாத்து சிரிச்சான். சிரிச்சுட்டு, தண்ணி காயற வரைக்கும் ரிங்குல ஏறாம கீழவே நின்னான். அந்தச் சிரிப்பை நான் மறக்கல. அன்னிலேர்ந்து தெனமும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் அடியில பூந்து போறேன். ஊரே பாக்கற மேடையில ஒரு நாளு மேல தாண்டிக் காட்டறேன் பாருங்கடான்னு உள்ள ஒரு கறுவல். இன்னிக்குத் தாண்டினா? தாண்டினா சண்டை கிடையாது, கையைப் புடிச்சு எறக்கிடுவானுங்க, அவ்ளோதான். புதன்கிழமை ஃப்ளைட்டு.

அக்கா என்னைத் திருப்பிப் போட்டுடுச்சு. போன மாசமே ஏறியிருக்கவேண்டியவ நான். வேற ஒரு கோயில், பேரு குடுத்தாச்சு, எடை பாத்தாச்சு, கிளம்பற அன்னிக்குக் காலையில எனக்கு வந்துடுச்சு. வந்தா இன்னா பண்ணுவோம்? ஒதுங்குவோம். நான் யோசிக்கவே இல்ல. கேம்பு வாசல்ல ஒரு லாரி டயர் கெடக்கும், சுத்தியலால அடிச்சுப் பழகறதுக்கு, நேரா போயி அது மேல உக்காந்துட்டேன். ஏன்னா வியாசர்பாடியில அப்படித்தான். எங்க மாஸ்டரு ரிங்கு பக்கத்துல ஆஞ்சநேயர் படம் மாட்டியிருப்பாரு, அந்த நாளுங்கள்ல பொண்ணுங்க ரிங்கு கிட்ட வரக்கூடாது, ஓரமா டயர் மேல உக்காந்து பாக்கலாம். வாயைத் தெறந்து சொல்லவே வேணாம், ஒருத்தி டயர்ல உக்காந்தா கிரவுண்டுக்கே தெரிஞ்சுடும், எதிர்ல இருக்கற டீக்கடைக்கும் தெரிஞ்சுடும். இன்னிக்கு டயரு யாருன்னு பசங்க கேட்டுச் சிரிப்பானுங்க, நாங்களும் சேந்து சிரிப்போம். ஸ்டேட் மீட்டு அன்னிக்கே வந்து, எங்கம்மா மாஸ்டருக்கு போனைப் போட்டு, பொண்ணு வூட்டுக்குத் தூரம், இன்னிக்கு வராதுன்னு சொல்லுச்சு. சரிம்மான்னு வெச்சுட்டாரு. நான் போத்திக்கிட்டுத் தூங்கினேன். ஒரு கோவம் வரல அன்னிக்கு, இப்போ வந்து இன்னா. அதே மாதிரி இங்கயும் உக்காந்திருக்கேன், வண்டி நிக்குது வா வான்னு நொக் அக்கா கையைப் புடிச்சு இழுக்குது, நான் எல்லாரும் நிக்கறப்போ சத்தமா, மென்ஸஸ்னேன். இங்கயும் அதுக்கு மென்ஸ்னுதான் பேரு. எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. க்ரூ வித் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. என் பேரை அடிச்சுட்டாங்க. அன்னிக்கு நான் ரிங்கைத் தொடக்கூட இல்ல, அதுக்கே சொம்பு வந்துடுச்சு. தோன் என் ஸ்கிப்பிங் கயிறைக் கால் கட்டைவிரலால தள்ளி ஓரமா விட்டான். நொக் அக்கா மட்டும் என்னைப் பாத்துச்சு ஒரு பார்வை. கோவம் இல்ல அது. உன் மண்டையில இன்னாடி இருக்குன்னு கேக்கற பார்வை. எனக்கு அர்த்தம் புரியல, இதுவும் அவனுங்க ஆளுதான்னு நெனச்சுக்கிட்டேன்.

நாலாவது சண்டைக்கு நாயனம் மாதிரி ஒண்ணை எடுத்து ஊத ஆரம்பிச்சுட்டான். காதுக்குள்ள ஆணி எறங்குது. அக்கா அடிவயித்துல கையை வெச்சு அழுத்துது. ஐயோ. சுருண்டுட்டேன். அக்கா கை நின்னுபோச்சு. என் மூஞ்சியைப் பாக்குது. நான் ஜெனரேட்டரைப் பாத்தேன். அப்புறம் கையை எடுத்துட்டு முட்டிக்குப் போயிடுச்சு. கண்டுபுடிச்சிருக்குமா? எப்படிக் கண்டுபுடிக்கும், யாருக்கும் வயிறு வலிக்கும். காலையில வந்துச்சு. நாள் தள்ளி வரவேண்டியது, இன்னிக்குன்னு பாத்து வந்து நிக்குது, நேரம் பாத்து வர்றதுல அது கில்லாடி. பாத்ரூம்ல உக்காந்து ஒரு மூச்சு அழுதேன். அப்புறம் ரெண்டு பேடு, அதுக்கு மேல டைட்ஸு, அதுக்கு மேல அடிபடாம இருக்கக் கட்டற கார்டு. இந்தத் தடவை வாயைத் தெறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணேன். யாரு மேல பண்ணேன்னு தெரியல, ஏன்னா அதுக்கு முன்னாடி மொத வேலையா நான் பண்ணது இன்னா தெரியுமா, இடுப்புல கட்டியிருந்த அங்காளம்மா தாயத்தை அவுத்துப் பையில போட்டேன். எவனும் சொல்லல. கை தானா போச்சு. கயிறுக்கு அடியில போவ வேண்டியிருக்கேன்னு மூணு மாசமா கறுவுறவளோட கை. நெனச்சா எனக்கே பத்திக்கிட்டு வருது, யாரை அறையறதுன்னுதான் தெரியல. சரி, தாயத்து நம்மளுது, அது வேற, இவனுங்க தகடு வேற. வேறயா? இவனுங்க தகடு எனக்கு இன்னா, புத்தரு எனக்கு இன்னா, நான் ஏன் பயப்படணும். ஆனா எனக்கு அடுத்து, ஆறாவது சண்டை, அதே மேடையில தோன் ஏறுறான். முழங்கை பட்டுப் புருவம் கிழியறது இந்தச் சண்டையில சகஜம், யாருக்கு வேணா கிழியும். ஆனா நான் ஏறி எறங்கின மேடையில அவனுக்குக் கிழிஞ்சா? அவன் பொண்டாட்டி கைக்குழந்தையைத் தூக்கினு வந்து கோழிக்கடைகிட்ட நிக்குது, நான் பாத்தேன். அந்தக் குழந்தைக்குக் காதுல ஏதோ மூடி மாட்டியிருக்கு, சத்தத்துக்கு. தோனை எனக்குப் புடிக்காது. கிழியட்டுமேன்னு நெனச்ச நாளு உண்டு. இன்னிக்கு அவனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு வேண்டிக்கறேன். யாருகிட்ட வேண்டறேன், தாயத்துதான் பையில கெடக்குதே. ச்சீ. நம்பறேனா நான் இதை? நம்பல. நம்பலன்னா ஏன்டி அந்தக் குழந்தையைத் திரும்பத் திரும்பப் பாக்கற.

உக்காருன்னுது அக்கா. கையில துணி சுத்தி டேப்பு போட்டாச்சு, மூஞ்சியில வாஸ்லின் தடவியாச்சு. பையிலேர்ந்து ட்ரவுசரை எடுக்குது. என் மஞ்சள் ட்ரவுசர் எங்க? மஞ்சள் சாட்டின், சிவப்பு பார்டர், பேரு போட்டுத் தைச்சு வாங்கினது. பூங்காவனம்னு முழுசா போட எடம் இல்ல, பூங்னு மட்டும் அவங்க எழுத்துல. போட்டோவுல அதுதான் வரணும், கஜாவுக்கு அனுப்பணும். அக்கா நீட்டுறது கறுப்பு. பழசு. இடுப்புப் பட்டையில அவங்க எழுத்து, அதுல நொக்குங்கறதை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும். இது வேணாம், என்னுது குடுன்னேன். தலையை ஆட்டுச்சு. எல்லோ, எல்லோன்னு கத்தினேன். கறுப்பைத் தூக்கி என் மடியில போட்டுச்சு. வந்துச்சு பாரு எனக்கு. உன் பழைய ட்ரவுசரை மாட்டிக்கிட்டு நான் ஏறணுமா, நான் ஜெயிச்சா உன் பேரு தெரியணுமா, அதுக்குத்தான் இத்தனை நாளா சோறு போட்டியா, நீயும் இவ்ளோதானா. எல்லாம் தமிழ்ல. பலூன் சுடறவன்கூடத் திரும்பிப் பாத்தான். அக்கா கத்தல. என் கால்ல எண்ணெய் தடவற மாதிரி குனிஞ்சு, யாருக்கும் கேக்காம, பிளாக், நோ சீ, அப்படின்னுச்சு. கறுப்புல தெரியாதுன்னு.

தெரிஞ்சிருக்கு அதுக்கு. வயித்துல கையை வெச்சப்பவே தெரிஞ்சிருக்கு. எழுந்து துண்டால மறைச்சுக்கிட்டு மாட்டினேன். இடுப்புல லூசு, அக்கா நாடாவை இழுத்து முடிச்சு போடுது. இது வருஷக்கணக்கா சண்டை போட்டது, கேம்பு சுவத்துல போட்டோ எல்லாம் தொங்குது. ஒரு மாசத்துல ரெண்டு மூணு சண்டைகூட போடுவேன்னு பெருமையா விரலைக் காட்டிச் சொல்லும். ரெண்டு மூணு. கொஞ்சம் யோசிச்சுப் பாரு பூங்கா. ஒரு பொம்பளை வருஷக்கணக்கா அப்படி மேடை ஏறினா, எல்லாமே நல்ல நாளாவா வந்து விழும்? இந்தக் கறுப்பு ட்ரவுசரை எதுக்கு வாங்கிச்சுன்னு இப்போ தெரியுது. இவளுங்க எல்லாம் குனிஞ்சு போறாளுங்க, ஊர்ந்து போறாளுங்க, பெரியவங்க சொல்றதுக்கு எல்லாம் சரி சரின்னு தலையை ஆட்டுறாளுங்க, உள்ள போயி அந்தத் தகடு மேலயே நின்னு ஒதைச்சுட்டு, வந்த மாதிரியே ஊர்ந்து வெளிய வந்துடறாளுங்க. யாருகிட்டயும் ஒரு வார்த்தை கிடையாது. நான், பெரிய இவ, மேல்கயிறைத் தாண்டப்போற வீராங்கனை, ஊரைக் கூட்டிச் சொல்லிட்டு டயர் மேல போயி உக்காந்தேன். இதுல குனிஞ்சவ யாரு? அக்கா மேலயும் ஆத்திரமா வருது. முன்னாடியே சொல்லித்தொலைச்சா இன்னா. எப்படிச் சொல்லும், அதுக்கு நான் எங்க நேரம் குடுத்தேன், வாயில மைக் வெச்ச மாதிரி கூவிட்டேனே. கறுப்பு எனக்கு நல்லாவே இல்ல. எனக்கு மஞ்சள்தான் வேணும். அழுவாதே, வாஸ்லின் கலைஞ்சுடும்.

பேரைக் கூப்பிட்டுட்டானுங்க. பூங், இந்தியான்னு மைக்குல நீட்டி இழுக்கறான், யாரோ கைதட்டறான். அக்கா முன்னாடி, நான் பின்னாடி, எனக்குப் பின்னாடி அடுத்த சண்டைக்குக் கையில துணி சுத்திக்கிட்டு தோன். என்கூட மோதறவ ப்ளாய், அவ எனக்கு முன்னாடியே அடியில பூந்து உள்ள போயி நிக்கறா, அவளை யாரும் ஒண்ணும் கேக்கல. எனக்குப் படிக்கட்டுல ஒருத்தன் கையைக் குறுக்க நீட்டுறான். திருவிழா கமிட்டி ஆளு, கையில சிவப்புப் பட்டி, வாயில பல்குச்சி. அக்காவைப் பாத்து நீளமா ஏதோ கேக்கறான், சிரிச்சுக்கிட்டே கேக்கறான், அதுல ஒரே ஒரு வார்த்தைதான் எனக்குப் புரியுது. மென்ஸ். ஏன் என்னை மட்டும்? ஏன்னா போன மாசம் கூவினவ நான்தானே. வெளிநாட்டுக்காரி ஒருத்தி, அவளே சொன்னாளாம்னு கேம்பு கேம்பா கதை போயிருக்கும். அக்கா ஒரு நொடி யோசிக்கல. மைமீ. இல்லன்னு அர்த்தம். கண்ணு இமைக்கல அதுக்கு. அந்தாளு பல்குச்சியை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தள்ளிட்டு, அக்காவை உட்டுட்டு என்னைப் பாக்கறான். யூ? மென்ஸ்? சத்தியமா சொல்றேன், வாய் தானா தெறக்குது. ஆமான்னு நாக்கு மேல வந்து உக்காந்துடுச்சு. பதிமூணு வயசுலேர்ந்து பழகின நாக்கு. கல்யாண வூட்டுல, கோயில் வாசல்ல, பொங்கல் வெக்கற எடத்துல, மறைச்சுட்டு உள்ள வந்தா குடும்பத்துக்கு ஆவாதுன்னு அம்மா சொன்னதைக் கேட்டு, எவனும் கேக்கறதுக்கு முன்னாடியே நானா ஓரமா போயி நின்னவ. ஒரு ஆளு என்கிட்ட நேரா வாயைத் தெறந்து கேக்கறது இதான் மொத தடவை. திரும்பி தோனைப் பாத்தேன். அவனும் காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கறான். புருவத்துல ஒரு கீறல் இல்ல. உண்மையைச் சொன்னா அவன் புருவம் பொழைச்சுது, நான் புதன்கிழமை ஃப்ளைட்டு. சொல்லலன்னா எது நடந்தாலும் என் தலையில. நாக்கைக் கடிச்சேன். உப்பு கரிச்சுது.

"மைமீ"ன்னேன்.

அந்தாளு கையை எடுத்துட்டான். கும்பிடுகூட போட்டான், பாவி. நான் குனிஞ்சேன். நல்லா குனிஞ்சேன், வயிறு தரையில படற அளவுக்கு. கீழ்க்கயிறு முதுகுல உரசுது. மூக்குக்கு நேரா மேடைத் துணியில முன்னாடி சண்டை போட்டவனோட ரத்தம், இன்னும் காயல, எவனோ ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போயிருக்கான். அதுக்கு சொம்பு இல்ல, மந்திரம் இல்ல. அது மூக்குலேர்ந்து வந்துச்சாம், பரவால்லையாம். எழுந்து நின்னேன். க்ரூ வித் உள்ள வந்து என் தலையில சாமி வளையத்தை வெச்சு, நெத்தியில ஊதி, கண்ணை மூடிக்கிட்டு ஏதோ சொன்னாரு. நல்ல மனுஷன், எனக்காக மனசார வேண்டறாரு, தெரிஞ்சா அந்தக் கையை எத்தனை தடவை கழுவுவாரோ. சுத்தி வந்து மூலைக்கு மூலை வணக்கம் வெச்சேன். வளையத்தை எடுத்துட்டாரு. எதிர்ல ப்ளாய் குதிச்சுக்கிட்டு இருக்கா, காலு நீளம், தொடையைப் பாத்து அடிப்பான்னு அக்கா சொல்லியிருக்கு. பயமா இருக்கு எனக்கு. அவளைப் பாத்து இல்ல. நான் தோத்துட்டேன்னு வை, இந்த ஊர்ல எவனும் ஒண்ணும் சொல்லப்போறது இல்ல, தோத்துட்டா பாவம், அவ்ளோதான். நொக் அக்கா சொல்லாது. எங்கம்மாவுக்குத் தெரியாது. தோனுக்குக் கிழிஞ்சாக்கூட எவனுக்கும் தெரியப்போறது இல்ல. ஆனா நான் சொல்லுவேன். பாத்ரூம்ல உக்காந்து இந்தக் கறுப்பைத் தோய்க்கறப்போ எனக்கு நானே சொல்லுவேன், தீட்டோட ஏறின இல்ல, அதான்டி. அதைச் சொல்றதுக்கு இந்த உலகத்துல வேற ஆளே வேணாம், நான் ஒருத்தி போதும். ப்ளாயை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல எனக்குள்ள இருந்து அதைச் சொல்றாளே, அவ வாயை ஒடைக்கணும். மணி அடிச்சுட்டான்.